டர்போ எஞ்சினில் கேட்ச் கேன் பொருத்தப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

என் காரில் கேட்ச் கேன் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்தபோது, நான் அந்த வேலையைத் தொடங்கி இரண்டரை மாதம் ஆகியிருந்தது. நடுவில் முதலில் வாங்கிய கேனைத் தூக்கிப் போட்டேன். வால்வு கவரை உடைத்தேன். ஒரு நாள் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் தானாக மேலே எகிறி, பானெட்டின் அடிப்பக்கம் முழுக்க ஆயில் தெறித்துக் கிடந்ததைப் பார்த்தேன். சரியாகத் தெரிந்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். அந்த இரண்டரை மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேட்ச் கேன் என்பது உள்ளே தடுப்புத் தகடுகளும் வலையும் வைத்த ஒரு சின்ன டப்பா. எஞ்சினிலிருந்து வரும் ஆயில் ஆவி அதற்குள் நுழைந்து, தகடுகளில் மோதித் துளியாகி அடியில் தங்கும். மீதிக் காற்று இன்டேக்குக்கு, அதாவது எஞ்சின் காற்றை இழுக்கும் பாதைக்கு, போகும். எஞ்சின் எந்த வழியாக மூச்சுவிடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் நடுவில் டப்பாவைச் செருகினேன், அங்கேதான் நான் தப்பு செய்தேன். ஆயிலைப் பிடிப்பது கேனின் இரண்டாவது வேலை. எஞ்சினின் மூச்சை அடைக்காமல் இருப்பது முதல் வேலை. கீழே வரும் படிகள் எல்லாவற்றையும் இந்த ஒரு நினைப்போடு படியுங்கள்.

1. உங்கள் காருக்கு இது தேவையா என்று பாருங்கள்

பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரிந்த வாயுவில் கொஞ்சம் அவற்றைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள், அதாவது எஞ்சினின் அடிப்பகுதிக்குள், இறங்கிவிடும். இதை பிளோ-பை என்பார்கள். அதில் எரியாத பெட்ரோலும் நீராவியும் இருக்கும், உள்ளே தெறிக்கும் ஆயிலின் நுண்துளிகளையும் சேர்த்துக்கொள்ளும். டர்போ எஞ்சினில் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம், அதனால் பிளோ-பையும் அதிகம். இது மறுபடி இன்டேக் வழியாகவே எஞ்சினுக்குள் போய் எரிகிறது.

கேன் உண்மையில் உதவுவது பெரும்பாலும் டயரெக்ட் இன்ஜெக்ஷன் உள்ள பெட்ரோல் டர்போக்களுக்கு. அவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதால், இன்டேக் வால்வின் முதுகில் படியும் ஆயிலைக் கழுவிவிட எதுவும் இல்லை. அது கருகிக் கரியாக ஏறிக்கொண்டே போகும். இன்டர்கூலருக்குள் ஆயில் படிந்தால் அது காற்றைக் குளிர்விப்பது குறையும். ஆயில் கலந்த காற்று எரியும்போது நாக்கிங், அதாவது எரிபொருள் முறையில்லாமல் வெடித்துத் தட்டும் சத்தம், வரும் வாய்ப்பும் கூடும். பூஸ்டை (டர்போ ஊதும் காற்றின் அழுத்தம்) ஏற்றி டியூன் செய்த காருக்கும், அடிக்கடி முழு விசையில் ஓடும் காருக்கும் கேன் தன் செலவுக்கு நியாயம் செய்யும்.

போர்ட் இன்ஜெக்ஷன் உள்ள (பெட்ரோல் இன்டேக் வால்வுக்கு முன்பே பாயும்), எதையும் மாற்றாத, நிதானமாக ஓட்டும் காராக இருந்தால் எஞ்சினோடு வரும் ஆயில் பிரிப்பானே போதும். பணத்தை நல்ல ஆயிலில் போடுங்கள்.

இரண்டு விஷயங்களை கேன் சரிசெய்யாது. ரிங் தேய்ந்துபோன எஞ்சினைக் காப்பாற்றாது, வரும் ஆயிலைப் பிடித்து நோயை மறைக்கத்தான் செய்யும். ஏற்கெனவே வால்வில் ஏறிய கரியையும் நீக்காது. 80,000 கி.மீ. ஓடிய டயரெக்ட் இன்ஜெக்ஷன் காரில் பொருத்தப் போகிறீர்கள் என்றால், முதலில் வால்வுகளைச் சுத்தம் செய்துவிடுங்கள். அரைத்த வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் முறை இருக்கிறது. அதற்கு இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதியைக் கழற்றத்தான் வேண்டும். கேன் வேலையையும் அதே சமயத்தில் வைத்துக்கொண்டால் கூலி ஒருமுறையோடு போகும்.

2. மூச்சுவிடும் இரண்டு வழிகளைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள். ஸ்பேனரைத் தொட வேண்டாம். டார்ச்சும் உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலும் போதும்.

பெட்ரோல் டர்போ எஞ்சினில் கிராங்க்கேஸுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கும்.

முதல் வழி பிசிவி (கிராங்க்கேஸ் ஆவியை வெளியேற்றும் அமைப்பு) வழி. வால்வு கவரிலோ பிளாக்கிலோ உள்ள பிசிவி வால்விலிருந்து ஒரு குழாய் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். ஐடிலிலும் மெதுவாக ஓடும்போதும் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும். அது கிராங்க்கேஸிலுள்ள ஆவியை இந்த வழியாக உறிஞ்சிக்கொள்ளும்.

இரண்டாவது ப்ரீதர் வழி. வால்வு கவரிலிருந்து டர்போவின் வாய்க்கு, அதாவது ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள குழாய்க்கு, இன்னொரு ஹோஸ் போகும். ஆக்சிலரேட்டரை மிதித்து பூஸ்ட் வந்ததும் மேனிஃபோல்டில் வெற்றிடம் போய் அழுத்தம் வந்துவிடும். அந்த அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் போகாதபடி பிசிவி பக்கத்து ஒருவழி வால்வு மூடிக்கொள்ளும். ஆவி எல்லாம் ப்ரீதர் வழியாக டர்போவுக்குப் போகும். பூஸ்ட் இல்லாதபோது இதே ப்ரீதர் ஹோஸில் காற்று எதிர்த்திசையில் ஓடி, சுத்தமான காற்றை உள்ளே கொண்டுவரும்.

இதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட எல்லாத் தப்பும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நான் செய்தது இதுதான்: இரண்டு குழாய்களையும் ஒரு டி-இணைப்பில் சேர்த்து ஒரே கேனுக்குள் விட்டேன், ஒருவழி வால்வு வைக்கவில்லை. பூஸ்ட் வந்தபோதெல்லாம் மேனிஃபோல்டின் அழுத்தம் கேனுக்குள் பாய்ந்து, அங்கிருந்து கிராங்க்கேஸுக்குள் ஏறியது. அன்று எகிறியது டிப்ஸ்டிக் மட்டும்தான். அதன் ரப்பர் வளையம் இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருந்திருந்தால், போயிருப்பது கிராங்க்ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல். அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

கிராங்க்கேஸ் அழுத்தம் கூடினால் டர்போவும் பாதிக்கப்படும். டர்போவின் பேரிங்குக்குப் போன ஆயில் தன் எடையால் மட்டுமே வடிந்து எஞ்சினுக்குத் திரும்புகிறது. கீழே அழுத்தம் இருந்தால் ஆயில் வடியாமல் தேங்கி, டர்போ சீலைத் தாண்டிக் கசியும். சைலன்சரில் நீலப்புகை வரும், டர்போ போய்விட்டது என்று நினைத்து நல்ல டர்போவையே மாற்றிவிடுவார்கள்.

சில புதிய எஞ்சின்களில் மேனிஃபோல்டுக்குப் போகும் வழி வெளியே குழாயாக இருக்காது, வால்வு கவருக்குள்ளோ ஹெட்டுக்குள்ளோ வார்ப்பிலேயே இருக்கும். அப்படியானால் பொதுவான கேன் உங்களுக்கு ஒத்துவராது. அந்த எஞ்சினுக்கென்றே செய்த, அடைப்புத் தகட்டோடு வரும் கிட்தான் வாங்க வேண்டும்.

டீசல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. டீசலில் பெரும்பாலும் ஒரே வழிதான், வால்வு கவரிலிருந்து டர்போவின் வாய்க்கு. ஆனால் ஆவியின் அளவு அதிகம், அதனால் குழாயும் கேனும் பெரிதாக இருக்க வேண்டும்.

3. காகித வேலையை முதலில் முடியுங்கள்

வாரண்டிக் காலம் முடியாத கார் என்றால், வாரண்டிப் புத்தகத்தில் எஞ்சின் மாற்றங்களைப் பற்றிய பகுதியைத் தேடி ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பிறகு சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சலில் கேள்வியை அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் ஒருவர் வாயால் சொன்ன "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" பிறகு எதற்கும் உதவாது.

அப்புறம் சட்டம். கேனின் வெளிவாயில் ஒரு சின்ன ஃபில்டரைச் செருகி, ஆவியை வெளிக்காற்றில் விடும் முறையைப் பலர் காட்டுவார்கள். பொதுச் சாலையில் ஓடும் காரில் இது பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம். காருக்குள் பெட்ரோல் ஆவியும் ஆயில் நாற்றமும் வரும், புகைச் சோதனையிலும் மாட்டிக்கொள்வீர்கள். ஆவி மறுபடி இன்டேக்குக்கே போகும் மூடிய அமைப்பாகத்தான் செய்யுங்கள். அப்படிச் செய்தாலும் சில இடங்களில் தனி அனுமதி வேண்டும். கலிஃபோர்னியாவில் அந்தப் பொருளுக்கென்று காற்று வள வாரியம் கொடுத்த ஆணை எண் இருக்க வேண்டும். உங்கள் ஊர் விதியை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவித்து, அவர்கள் தரும் பதிலையும், கேன், குழாய், வால்வு ஆகியவற்றின் பில்களையும், பொருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். கழற்றிய அசல் குழாய்களைத் தூக்கி எறியாதீர்கள். பெயர் எழுதி ஒட்டிப் பெட்டியில் வைத்தால், காரை விற்கும்போதோ பழையபடி மாற்ற நேரும்போதோ கையில் இருக்கும்.

4. கை வைப்பதற்கு முன் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்

பொருத்திய பிறகு ஏதோ சரியில்லை என்று தோன்றும்போது, முன்பு எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. நான் இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான் ஒரு மாதம் வீணானது.

முதலில், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். ஆரோக்கியமான பெட்ரோல் எஞ்சினில் தாள் மெதுவாக உள்நோக்கி இழுபடும். உப்பிக்கொண்டு மேலே எழும்பினால் பிசிவி அடைத்திருக்கிறது அல்லது பிளோ-பை அளவுக்கு மீறியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் கேன் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் லீக்-டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று அளப்பது) செய்யச் சொல்லுங்கள். கசிவு பொதுவாக 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20 சதவீதத்தைத் தாண்டினால் எஞ்சினைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து கிராங்க்கேஸ் அழுத்தம். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சுமார் இரண்டரை மீட்டர் நீளத் தெளிவான பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் 'யு' வடிவத்தில் கட்டுங்கள். இரண்டு கையும் தலா ஒரு மீட்டர் உயரம் இருக்கட்டும். பாதி உயரத்துக்கு நிறமேற்றிய தண்ணீர் விடுங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்துவிட்டு, அது இருந்த குழாயின் வாயில் இந்த 'யு' குழாயின் ஒரு முனையைக் காற்றுப் புகாமல் செருகுங்கள். மறுமுனை திறந்திருக்கட்டும். ஐடிலில், எஞ்சின் பக்கத்துத் தண்ணீர் சற்று மேலே ஏற வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைச் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிபார். சில எஞ்சின்களில் சில சென்டிமீட்டர்தான் இருக்கும், சிலவற்றில் 30-ஐத் தாண்டும். உங்கள் எஞ்சினின் எண் எதுவோ அதுதான் உங்களுக்கு அளவுகோல். குழாயை உயரமாகக் கட்டச் சொல்வது தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடாமல் இருக்கத்தான். ஸ்டார்ட் செய்யும்போது குழாயை விரலால் நசுக்கிப் பிடித்து, மெதுவாக விடுங்கள்.

கடைசியாக, காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகி, எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் ஃப்யூல் டிரிம் எண்களை (கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பது) குறியுங்கள். குறுகிய காலமும் நீண்ட காலமும் சேர்த்துக் கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

5. கேன் வாங்குவது

நான் முதலில் வாங்கிய கேன் பார்க்கப் பளபளவென்று இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் டப்பா. இரண்டு துளைகளும் மூடியிலேயே பக்கத்தில் பக்கத்தில். ஒரு துளையில் நுழைந்த ஆவி அப்படியே அடுத்த துளை வழியாகப் போய்விடும், ஆயில் எங்கே தங்கும்?

எனவே வாங்கும்போது மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே தடுப்புத் தகடும், ஆவி கட்டாயம் கடந்து போக வேண்டிய வலையோ சல்லடையோ இருக்க வேண்டும். நுழையும் காற்று கீழ்நோக்கி இறங்கி, வேகம் குறைந்து, பிறகு மேலே ஏறும் அமைப்பு நல்லது. கொள்ளளவு 400 மி.லி.க்குக் குறையாமல் பாருங்கள். அடியில் வடிகால் திருகும், அளவு பார்க்க ஒரு குச்சியும் இருக்கட்டும். வெளியே தெரியும்படி பிளாஸ்டிக் குழாய் வைத்து அளவு காட்டும் கேன்களை நான் தவிர்ப்பேன், அந்தக் குழாய் நாளடைவில் சூட்டில் விரிசல் விடும்.

உள்ளே ஒன்றும் இல்லாத கேனில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்தால் போதும் என்று சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதிலிருந்து உதிரும் ஒரு துண்டு ப்ரீதர் வழியாக டர்போவுக்குள் போனால், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் கம்ப்ரஸர் சக்கரத்தில் மோதும்.

டீசல்காரர்களிடம் பரவலாக இருக்கும் மான்+ஹும்மல் புரோவென்ட் போன்றவற்றில் மாற்றக்கூடிய இழை ஃபில்டர் இருக்கும், ஃபில்டர் அடைத்தால் தானாகத் திறக்கும் பாதுகாப்பு வால்வும் இருக்கும். ஆயிலை நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஃபில்டரைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு கேனா, இரண்டா? பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டும் காரில் பிசிவி வழியில் ஒரு கேன் போதும், ப்ரீதரை அப்படியே விட்டுவிடலாம். நெடுஞ்சாலையில் வேகமாகவோ டிராக்கிலோ ஓட்டினால் ப்ரீதர் வழிக்கும் ஒன்று வேண்டும். முதல்முறை செய்பவர்கள் ஒன்றோடு தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

6. குழாயும் வால்வும்: பணத்தை இங்கே போடுங்கள்

எல்லோரும் கேனுக்கு மட்டும் பட்ஜெட் போடுவார்கள். கேனுக்கு எவ்வளவு ஆகிறதோ அதில் பாதியையாவது குழாய், கிளாம்ப், ஒருவழி வால்வு, தாங்கு கம்பி ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். மெக்கானிக்கிடம் கொடுத்தால் அரை நாள் கூலி தனி.

கேனோடு இலவசமாக வரும் குழாயைப் பயன்படுத்தாதீர்கள். சாதாரண சிலிகான் குழாயும் வேண்டாம், அழகாக இருக்கும், ஆனால் ஆயிலும் பெட்ரோல் ஆவியும் அதன் சுவரில் ஊறி வெளியே வியர்க்கும். ஆயிலையும் பெட்ரோலையும் தாங்கும் நைட்ரைல் குழாய், அல்லது உள்ளே ஃப்ளோரோ ரப்பர் பூசியது வேண்டும். எஸ்ஏஇ 30ஆர்7 என்று அச்சிட்ட குழாய் இதற்குப் பொருந்தும். சுவர் தடிமனாக இல்லாவிட்டால் வெற்றிடத்தில் சூம்பி ஒட்டிக்கொள்ளும். உள்விட்டம் அசல் குழாயைவிடக் குறையவே கூடாது. அசல் 16 மி.மீ. என்றால் கேனின் துளையும் 16 மி.மீ. இருக்க வேண்டும், 10 மி.மீ. துளையில் குறைத்துச் சேர்த்தால் பூஸ்டில் எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

ஒருவழி வால்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிசிவி வழியில் கேனின் இடம் பிசிவி வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில். அசல் பிசிவி வால்வைக் கழற்றவே கூடாது, எவ்வளவு காற்று உறிஞ்சப்பட வேண்டும் என்று அளந்து விடுவது அதுதான். அதை எடுத்துவிட்டால் மேனிஃபோல்டின் முழு வெற்றிடமும் கிராங்க்கேஸை இழுக்கும், ஆயில் குடம்குடமாகப் போகும், சீல்கள் உள்நோக்கி இழுபட்டு விசில் அடிக்கும். சரி, இப்போது கேன் மேனிஃபோல்டோடு நேராக இணைந்திருக்கிறது. பூஸ்ட் வந்தால் ஒரு பாருக்கு மேற்பட்ட அழுத்தம்கூடக் கேனுக்குள் வரலாம். மலிவான கேனின் மூடி அதைத் தாங்காது. அதனால் கேனுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு ஒருவழி வால்வு வையுங்கள், அம்புக்குறி மேனிஃபோல்டைப் பார்த்து இருக்கட்டும். உலோக உடலும் ஃப்ளோரோ ரப்பர் தட்டும் உள்ளதாக வாங்குங்கள். பொருத்துவதற்கு முன் வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் சிரமமில்லாமல் போக வேண்டும், மறுபக்கம் துளியும் போகக்கூடாது.

7. இடம் பார்ப்பது

கேன் குளிர்ந்த இடத்தில் இருந்தால்தான் ஆவி துளியாகும். டர்போ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கம் போகவே வேண்டாம், அங்கே ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கும். சுழலும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் தள்ளி, வடிகால் திருகுக்குக் கை எட்டும்படி இருக்க வேண்டும். கேனை காரின் உடலில் பொருத்தினால், குழாய்களில் கொஞ்சம் தளர்ச்சி விடுங்கள், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் ஆடும்.

குழாய் நடுவில் தொய்ந்து தொட்டில் மாதிரி இருக்கக்கூடாது. அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி வழியை அடைக்கும். எஞ்சினிலிருந்து கேனுக்கு ஒரே சீரான சரிவு இருக்கட்டும். வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் ஊரில் இருப்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தேங்கிய நீர் உறைந்தால் எஞ்சினின் மூச்சு மொத்தமாக நின்று சீல் பிதுங்கும். குழாய்க்கு வெப்பக் காப்புச் சுற்றுங்கள், குளிர்காலத்தில் வாரம் ஒருமுறையாவது கேனைக் காலி செய்யுங்கள். அசல் ப்ரீதர் குழாயில் மின்சூடேற்றி இருந்தால் அதைக் கழற்றாதீர்கள்.

பானெட் மூடுமா என்று பார்க்க, கேனின் தலையில் களிமண் உருண்டை ஒன்றை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, பானெட்டை மெதுவாக இறக்கித் திறந்து பாருங்கள். களிமண் எவ்வளவு தடிமனில் நசுங்கியிருக்கிறதோ அதுதான் உங்கள் இடைவெளி. இரண்டு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும்.

8. பொருத்தும் நாள்

முதல்முறை செய்பவர்களுக்கு நான்கு மணி நேரம் ஆகும். எஞ்சின் ஆற இரண்டு மணி நேரம் தனி. மறுநாள் காலையில் கார் கட்டாயம் தேவைப்படும் இரவில் தொடங்காதீர்கள்.

எல்லாக் குழாய்களையும் இருக்கிறபடியே படம் எடுங்கள். ஒவ்வொரு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதுங்கள்.

அசல் குழாயைக் கழற்றுவதில்தான் நான் வால்வு கவரை உடைத்தேன். குழாய் மாட்டியிருந்த, எட்டு வருடம் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் மூக்கு, குளிர்ந்திருந்தது. குழாய் அதோடு இறுகி ஒட்டியிருந்தது. பிளையரால் பிடித்து முறுக்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம். மூக்கு குழாயோடு கையில் வந்துவிட்டது. அது கவரோடு சேர்த்து வார்த்தது என்பதால் முழுக் கவரையும் கேஸ்கெட்டோடு மாற்ற வேண்டியதாயிற்று. கேனின் விலையைப் போல மூன்று மடங்கு. நீங்கள் செய்ய வேண்டியது: வெந்நீரில் நனைத்த துணியைக் குழாயின் முனையில் ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள், ரப்பர் இளகும். கையால் மட்டும் மெதுவாகத் திருகி எடுங்கள். அப்போதும் வராவிட்டால் குழாயை நீளவாக்கில் பிளேடால் கீறிப் பிரித்துவிடுங்கள். அசல் குழாய் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் இந்த வரிசையில் போங்கள். தாங்கு கம்பியை இறுக்கிக் கேனை மாட்டுங்கள். குழாய்களைத் தேவைக்கு ஒரு விரல் நீளமாகவே வெட்டுங்கள், வெட்டு நேராக இருக்கட்டும். உள்ளே உதிர்ந்த ரப்பர் துகள் டர்போவுக்குப் போகாதபடி ஒவ்வொரு குழாயையும் கழுவி, ஊதி, உலர்த்துங்கள். பிசிவி வால்விலிருந்து வரும் குழாய் கேனின் 'உள்' துளைக்கு. 'வெளி' துளையிலிருந்து ஒருவழி வால்வு, அங்கிருந்து மேனிஃபோல்டு. கேனில் திசை மாறிவிட்டால் வலை வேலை செய்யாது, வால்வில் திசை மாறிவிட்டால் ஐடிலில் கிராங்க்கேஸ் அடைபடும். கிளாம்புகளை ரப்பர் பிதுங்காத அளவுக்கு இறுக்குங்கள். எந்தத் துளையையும் திறந்தபடியோ, எந்த வழியையும் மூடியபடியோ விட்டிருக்கிறீர்களா என்று விரலால் தொட்டுத் தொட்டு ஒருமுறை முழுவதும் போய்வாருங்கள்.

9. முதல் ஸ்டார்ட், முதல் ஓட்டம்

பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். 'ஸ்ஸ்' என்ற சத்தம் கேட்டால் எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது. 4-ஆம் படியில் குறித்த இரண்டு எண்களையும் மறுபடி எடுங்கள். கிராங்க்கேஸ் அழுத்தம் முன்பு இருந்த அதே இடத்தில் நிற்க வேண்டும். வெற்றிடம் குறைந்திருந்தால் வழியில் தடை இருக்கிறது. ஃப்யூல் டிரிம் கூட்டல் பக்கம் ஏறியிருந்தால் கணக்கில் வராத காற்று நுழைகிறது. அப்படியே ஓட்டினால் சில நாளில் பி0171 என்ற குறியீட்டோடு எஞ்சின் விளக்கு எரியும். ப்ரீதர் கழன்றிருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் கார்களில் பி04டிபி வரும். இரண்டிலும் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டக் கூடாது, இணைப்பைத் தேட வேண்டும்.

முதல் பதினைந்து நிமிடம் பூஸ்ட் வராமல் ஓட்டுங்கள். நிறுத்திப் பானெட்டைத் திறந்து பாருங்கள். பிறகு இரண்டு மூன்று முறை முழு பூஸ்டில் ஓட்டிவிட்டு, டிப்ஸ்டிக் இருந்த இடத்தில் இருக்கிறதா, ஆயில் மூடியைச் சுற்றி ஈரம் இருக்கிறதா, கேனின் மூடியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆறியதும் எல்லாக் கிளாம்பையும் இன்னொரு முறை இறுக்குங்கள், முதல் சூட்டில் ரப்பர் சற்று அமுங்கியிருக்கும்.

10. காலி செய்வதும், அதில் படிப்பதும்

முதல் சோதனை 500 கி.மீ.யில். அடுத்தது 1,000. அதற்குள் உங்கள் கார் எவ்வளவு நிரப்புகிறது என்று தெரிந்துவிடும், அதற்கேற்ப இடைவெளி வையுங்கள். பாதிக்கு மேல் நிரம்ப விடாதீர்கள். வளைவில் திரும்பும்போது கேனிலுள்ளது குலுங்கி ஒரே மூச்சில் எஞ்சினுக்குள் போனால் புகையோடு நிற்காது. என் காரில் 1,000 கி.மீ.க்கு 40 மி.லி. அளவுக்கு வருகிறது. உங்களுடையது வேறாக இருக்கும்.

கண்ணாடி டம்ளரில் வடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழுப்பு நிற ஆயிலுக்கு அடியில் தண்ணீர் தனியாக நின்றால் இயல்பு. குறுகிய தூரம் ஓட்டினாலோ குளிர் காலத்திலோ பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று வரும். இதைப் பார்த்து ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பயந்து நான் ஒரு இரவு தூங்கவில்லை. நீராவியும் ஆயிலும் கலந்தது அது, கூலன்ட் அளவு குறையாதவரை கவலை இல்லை. பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைத்தால், எஞ்சின் சூடாகும் முன்பே காரை நிறுத்திவிடுகிறீர்கள் என்று அர்த்தம்.

திடீரென்று அளவு இரண்டு மடங்கானால், முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், கேன் நிரம்பும். அதுவும் சரியாக இருந்தால் அசல் ஆயில் பிரிப்பானையோ ரிங்குகளையோ சோதிக்க வேண்டிய நேரம். சீக்கிரம் ஆவியாகாத ஆயில் போட்டால் கேனுக்கு வருவதே குறையும். நோவாக் ஆவியாகும் அளவு என்று ஆயிலின் தகவல் தாளில் போட்டிருப்பார்கள், ஏபிஐ எஸ்பி என்ற எஞ்சின் ஆயில் தரத்தில் அதற்கு உச்சவரம்பு 15 சதவீதம், குறைவாக இருந்தால் நல்லது.

வடித்ததை மறுபடி எஞ்சினில் ஊற்றக் கூடாது. அதில் தண்ணீர், பெட்ரோல், அமிலம் எல்லாம் இருக்கிறது. இதே காரணத்தால், பிடித்ததைத் தானாக ஆயில் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் வடிகால் அமைப்பும் எனக்கு ஒப்புதல் இல்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. மூடி உள்ள டின்னில் சேர்த்துவைத்து, பழைய எஞ்சின் ஆயில் எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

தேதி, கி.மீ., மி.லி., நிறம் என்று நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு என் காரின் கையுறைப் பெட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் கேனை முழுதாகக் கழற்றி, வலையைப் பெட்ரோலில் கழுவி உலர்த்தி, ஒருவழி வால்வை ஊதிப் பார்த்து அதில் குறித்துவிடுகிறேன். வால்வின் ரப்பர் தட்டு நாளடைவில் விறைத்துப்போகும். ஊதும்போது மறுபக்கம் லேசாகக் காற்று வர ஆரம்பித்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.